சேற்றிலும் பேசிய பெட்டிகள்

ஒரு மின்னணுக் கருவி ஆய்வுக்கூடத்து மேசைமீது இயங்குவது ஒன்று. அதே கருவி மழையில் நனைந்து, லாரியில் குலுங்கி, உறக்கமின்றிக் களைத்த ஒரு படைவீரனின் முதுகில் நாள்கணக்கில் சுமக்கப்பட்ட பின்னரும் இயங்குவது முற்றிலும் வேறொன்று. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவைக் கடப்பதற்காக, இரண்டாம் உலகப் போர்க் காலந்தொட்டு ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பல நாடுகளின் பொறியாளர்கள் உழைத்தார்கள். அந்த உழைப்புக்குச் சான்றாக நிற்கும் வால்வு வானொலிப் பெட்டிகளும், அவற்றின் வழிவந்த உறுதிமிக்க கணினி முனையங்களும் இன்று படைப்பணியிலிருந்து ஓய்வுபெற்று, அருங்காட்சியகங்களிலும் ஆர்வலர்களின் வீடுகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் உள்ளமைப்பை அறிந்துகொள்வது பழம்பொருள் ஆர்வத்தோடு நின்றுவிடுவதில்லை. ஒரு கருவியை அதைப் பயன்படுத்துபவனின் கையிலிருந்தும் கண்ணிலிருந்தும் தொடங்கி எப்படி வடிவமைக்க வேண்டும் என்ற பாடமும் அதற்குள் இருக்கிறது.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் இயங்கிய கால்வின் நிறுவனம், பிற்காலத்தில் மோட்டரோலா என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம், போர்க்காலத்தில் இரண்டு வானொலிக் கருவிகளைச் செய்தது. முதலாவதான எஸ்.சி.ஆர்.-536 ஒரே கையில் பிடித்துப் பேசக்கூடியது. ஐந்து வால்வுகளைக் கொண்டது. எடை இரண்டேகால் கிலோ அளவே இருந்தது. வால்வு என்பது, சூடேறிய உலோக இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களை வெற்றிடக் குழாய்க்குள் கட்டுப்படுத்தி, நலிந்த மின்குறிப்புகளைப் பெருக்கித் தரும் உறுப்பு. டிரான்சிஸ்டர் வருவதற்கு முன் அந்த வேலையைச் செய்தது அதுதான். இக்கருவியில் கவனிக்கத்தக்கது அதன் மின்விசை நிலைமாற்றி: ஆன்டெனாவை வெளியே இழுத்தால் கருவி இயங்கத் தொடங்கும், உள்ளே தள்ளினால் அணைந்துவிடும். தனியாக ஒரு ஸ்விட்ச் வைத்திருந்தால் அதை அணைக்க மறந்து மின்கலத்தைத் தீர்த்துவிடும் வாய்ப்பு உண்டு. ஆன்டெனாவை நீட்டியபடி ஒருவன் புதருக்குள் தவழ முடியாது என்பதால், அந்த மறதிக்கு இங்கே இடமே இல்லாமற்போயிற்று.

இரண்டாவதான எஸ்.சி.ஆர்.-300 முதுகில் சுமக்கும் கருவி. 18 வால்வுகளும், மின்கலத்தைப் பொறுத்து 14 முதல் 17 கிலோ வரை எடையும் கொண்ட இது, 40 முதல் 48 மெகாஹெர்ட்ஸ் வரையிலான பரப்பில் 41 அலைவரிசைகளில் பேசியது. மெகாஹெர்ட்ஸ் என்பது ஓர் அலை வினாடிக்குப் பத்து லட்சம் முறை அதிர்வதைக் குறிக்கும் அளவு. டேனியல் நோபிள் தலைமையில், போலந்திலிருந்து வந்த ஹென்ரிக் மக்னுஸ்கி என்ற பொறியாளர் முதன்மைப் பங்காற்றி உருவான இக்கருவியில், அனுப்புவதற்கும் பெறுவதற்கும் ஒரே குமிழைத் திருப்பினால் போதும். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவுக்கு இதன் குரல் எட்டியது. இதே நிறுவனம்தான் 1973இல் உலகின் முதல் கையடக்கக் கைபேசியைச் செய்துகாட்டியது என்பதை நினைத்தால், போர்க்களத்தில் கற்ற பாடம் எங்கே போய்ச் சேர்ந்தது என்பது விளங்கும்.

இந்த முதுகுச்சுமைக் கருவி களத்தில் நம்பத்தக்கதாக இருந்ததற்கு அது கையாண்ட பண்பேற்ற முறை ஒரு முக்கியக் காரணம். பேசுபவரின் குரலை வானொலி அலையின்மேல் ஏற்றி அனுப்புவதே பண்பேற்றம் எனப்படும். அலையின் வலிமையைக் குரலுக்கேற்பக் கூட்டிக் குறைப்பது ஒரு முறை. அலையின் அதிர்வெண்ணைக் குரலுக்கேற்பச் சற்றே முன்பின் அசைப்பது இன்னொரு முறை. டாங்கியின் எஞ்சினில் தெறிக்கும் தீப்பொறியும் வானத்து மின்னலும் அலையின் வலிமையைத்தான் பெரும்பாலும் குலைக்கின்றன என்பதால், முதல் முறையில் அந்தக் கொறகொறப்பு முழுவதும் காதில் விழும். இரண்டாவது முறையில், பெறும் கருவி வலிமை வேறுபாடுகளை வெட்டி எறிந்துவிட்டு அதிர்வெண் அசைவை மட்டும் எடுத்துக்கொள்வதால் குரல் தெளிவாக நிற்கும். எட்வின் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1930களில் வளர்த்தெடுத்த இம்முறையை வணிக வானொலி நிறுவனங்கள் ஏற்கத் தயங்கிக்கொண்டிருந்த வேளையில், அமெரிக்கத் தரைப்படை அதைத் தன் டாங்கிகளுக்கும் காலாட்படைக்கும் ஏற்றுக்கொண்டது. ஆம்ஸ்ட்ராங்கும் போர் முடியும்வரை தம் காப்புரிமைகளைக் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளப் படைகளுக்கு இசைவளித்தார். காப்புரிமை வழக்குகளில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் தொலைத்த ஒருவர் செய்த இந்தக் கொடை இன்னும் பரவலாக அறியப்பட வேண்டியது.

பிரிட்டிஷ் தரப்பில் டாங்கிகளுக்காக 1941இல் வந்த 19ஆம் எண் வானொலிப் பெட்டி, கேம்பிரிட்ஜ் நகரின் பை நிறுவனம் வடிவமைத்தது. ஒரே பெட்டிக்குள் மூன்று வேலைகள் அதில் அடங்கியிருந்தன: தொலைதூரப் பேச்சுக்கு 2 முதல் 8 மெகாஹெர்ட்ஸ் வரையிலான ஒரு பகுதி, பக்கத்து டாங்கியோடு பேச மிக உயர்ந்த அதிர்வெண்ணில் இன்னொரு பகுதி, டாங்கிக்குள் இருப்பவர்கள் எஞ்சின் இரைச்சலை மீறித் தமக்குள் பேசிக்கொள்ள ஒரு பெருக்கி. முன்கூட்டியே நிர்ணயித்த இரண்டு அதிர்வெண்களுக்கிடையே குமிழைத் தடவிப் பார்க்காமல் சட்டென மாறிக்கொள்ள வழிசெய்த ஒரு பொறியமைப்பும் அதில் உண்டு. இக்கருவி கனடாவிலும் செய்யப்பட்டு, நேச நாடுகளுக்கான போர்க்கால உதவித் திட்டத்தின்கீழ் சோவியத் நாட்டுக்கும் சென்றதால், முகப்பில் ஆங்கிலமும் ரஷ்ய மொழியும் அருகருகே பொறிக்கப்பட்ட பெட்டிகளை இன்றும் காணலாம். ஜெர்மானியரோ வேறொரு வழியில் சிந்தித்தார்கள்: ஆர்.வி.12.பி.2000 என்ற ஒரே வகை வால்வைப் பல கருவிகளின் பல பகுதிகளில் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதால், களத்திலிருந்த பழுதுபார்ப்பவன் பல வகை உதிரிகளைத் தூக்கித் திரியும் சுமை குறைந்தது.

ஒரு படைப்பிரிவில் உள்ள எல்லாக் கருவிகளும் துல்லியமாக ஒரே அதிர்வெண்ணில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் பேசுவது மற்றவருக்கு எட்டாது. இதற்கான வழி குவார்ட்ஸ் படிகம். குறிப்பிட்ட கோணத்தில் மெல்லிய தகடாக வெட்டப்பட்ட குவார்ட்ஸுக்கு மின்னழுத்தம் கொடுத்தால், அது தன் தடிமனுக்கேற்ற ஓர் அதிர்வெண்ணில் மட்டுமே உறுதியாக அதிரும். போருக்குமுன் சில பட்டறைகளில் கைவேலையாக நடந்துவந்த இத்தொழில், பிரேசிலில் கிடைத்த இயற்கைக் குவார்ட்ஸை நம்பிக் கோடிக்கணக்கில் படிகங்களைச் செய்யும் பெருந்தொழிலாக அமெரிக்காவில் விரிந்தது. அப்போதுதான் ஒரு நெருக்கடி வெளிப்பட்டது: தொழிற்சாலையில் சரியாக இருந்த படிகங்கள் களத்தை அடைந்ததும் அதிர்வெண் நகர்ந்து, சில அடியோடு அதிர மறுத்தன. அரைக்கும் தூளால் தேய்த்துத் தடிமனைக் குறைக்கும்போது மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நொறுங்கிய ஓர் அடுக்கு எஞ்சிவிடுகிறது, ஈரப்பதத்தில் அது மெல்ல உதிர்வதால் தகடு மெலிந்து அதிர்வெண் ஏறுகிறது என்பது பின்னர் கண்டறியப்பட்டது. கடைசி மைக்ரான்களைத் தேய்த்து எடுக்காமல் ஃபுளோரின் சேர்ந்த வேதிக் கரைசலில் அரித்து எடுப்பது என்று முறையை மாற்றியபின் சிக்கல் தீர்ந்தது. துப்பாக்கிகளையும் விமானங்களையும் பற்றி எழுதப்பட்ட நூல்களின் குவியலில் இந்த விரல்நகக் கற்களின் கதை காணாமற்போயிருப்பது வரலாற்றெழுத்தின் குறை என்றே சொல்ல வேண்டும்.

மின்விசை கிடைப்பதும் தீராத் தொல்லையாக இருந்தது. வால்வுகளுக்குப் பல நூறு வோல்ட் தேவை. வண்டியின் மின்கலம் தருவதோ 12 அல்லது 24 வோல்ட். இந்த இடைவெளியை டைனமோட்டர் எனப்படும், மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே தண்டில் அமைந்த சுழற்பொறி நிரப்பியது. வண்டியே இல்லாத இடத்தில், ஏ.என்./ஜி.ஆர்.சி.-9 போன்ற கருவிகளுக்கு ஒருவன் இருக்கை போட்ட கைச்சுழல் ஜெனரேட்டரில் அமர்ந்து கைப்பிடியைச் சுற்ற, இன்னொருவன் மோர்ஸ் குறிகளைத் தட்டினான். விசையை அழுத்தும் ஒவ்வொரு கணமும் மின்சுமை ஏறிக் கைப்பிடி கனப்பதால், அனுப்பப்படும் செய்தியின் ஒவ்வொரு புள்ளியையும் கோட்டையும் சுற்றுபவன் தன் தோளில் உணர்ந்தான்.

பர்மாவிலும் பசிபிக் தீவுகளிலும் எதிரியைவிட முந்திக்கொண்டு கருவிகளை வீழ்த்தியது பூஞ்சைக்காளான். பருத்தி நூல் சுற்றிய கம்பிகள், மெழுகுத்தாள் சுற்றிய கண்டென்சர்கள், தோலுறைகள் யாவும் வெப்பமண்டல ஈரத்தில் பூசணம் பூத்து, மின்கசிவு ஏற்பட்டுச் செயலிழந்தன. பூஞ்சைக்கொல்லி கலந்த வார்னிஷை உட்பாகங்கள் முழுவதும் தெளித்து, அவ்வாறு தெளித்த கருவிகளில் முத்திரையிடும் வழக்கம் இதனால் வந்தது. இன்று பழைய பெட்டியொன்றைத் திறப்பவர் காணும் மஞ்சள் படலம் அந்த வார்னிஷ்தான்.

வியட்நாம் போரில் அமெரிக்கக் காலாட்படையின் முதுகில் இருந்த ஏ.என்./பி.ஆர்.சி.-25 வேறொரு தலைமுறையைச் சேர்ந்தது. 30 முதல் 75.95 மெகாஹெர்ட்ஸ் வரை 50 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 920 அலைவரிசைகளை அது தந்தது. முன்பு ஓர் அலைவரிசைக்கு ஒரு படிகம் என்றிருந்த நிலை மாறி, சில படிகங்களின் அதிர்வெண்களைக் கூட்டியும் கழித்தும் தேவையானதை உருவாக்கும் தொகுப்பு முறை அதற்குள் இருந்தது. குமிழ்கள் ஒவ்வொரு எண்ணிலும் சொடுக்கி நிற்பதாலும், இரண்டு அலைவரிசைகளை முன்கூட்டியே பூட்டிவைக்க முடிந்ததாலும், இருளில் கண்ணால் பாராமலே வீரன் அலைவரிசையை மாற்றிக்கொண்டான். ஒரே ஒரு வால்வைத் தவிர மற்றவை யாவும் டிரான்சிஸ்டர்கள். அனுப்பும் கடைசி நிலையில் போதிய ஆற்றலை அன்றைய டிரான்சிஸ்டர்களால் தர இயலாததால் அந்த வால்வு நிலைத்திருந்தது. 1968இல் வந்த பி.ஆர்.சி.-77 அதையும் நீக்கியது. வெளித்தோற்றத்தில் இரண்டையும் வேறுபடுத்துவது கடினம். பழைய பையும் பழைய ஒலிவாங்கியும் பழகிய கையும் அப்படியே புதிய கருவிக்குப் பொருந்தின. புதுமையை உள்ளே வைத்துப் பழக்கத்தை வெளியே காப்பாற்றிய இந்த அடக்கம், ஆண்டுதோறும் பொத்தான்களை இடம் மாற்றும் இன்றைய நுகர்பொருள் வடிவமைப்பாளர்கள் பின்பற்றத்தக்கது. ஒன்றை மட்டும் எந்தப் பொறியியலாலும் மறைக்க முடியவில்லை: உயர்ந்து நின்ற ஆன்டெனா, அதைச் சுமந்தவனையும் அவனருகில் நிற்கும் அதிகாரியையும் எதிரிக்குக் காட்டிக்கொடுத்தது.

நிலையங்களில் அமர்ந்து கேட்பதற்கென்று செய்யப்பட்ட கருவிகளில் ஆர்.-390.ஏ. தனித்து நிற்கிறது. அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்துக் காலின்ஸ் நிறுவனம் 1950களின் நடுவில் வடிவமைத்த, 38 கிலோ எடையுள்ள இந்த வானொலி வாங்கி, 0.5 முதல் 32 மெகாஹெர்ட்ஸ் வரை எந்த இடத்திலும் நிற்கும். அந்த இடத்தை ஊர்தியின் கிலோமீட்டர் எண்காட்டி போன்ற உருளை இலக்கங்களில் கிலோஹெர்ட்ஸ் துல்லியத்தோடு காட்டும். குமிழைத் திருப்பும்போது பற்சக்கரங்களின் தொடரொன்று சுழன்று, அவற்றோடு இணைந்த வளைதட்டுகள் ஒரு சட்டத்தை உயர்த்தித் தாழ்த்த, அதில் தொங்கும் காந்தக் கருக்கள் கம்பிச்சுருள்களுக்குள் ஏறி இறங்கி எல்லா நிலைகளையும் ஒரே நேரத்தில் இசைவிக்கின்றன. கணினி இல்லாத காலத்தில் ஒரு கணக்கை உலோகத்தில் கடைந்து வைத்த வேலை இது. வெவ்வேறு நிறுவனங்கள் ஒப்பந்தமெடுத்து ஐம்பதாயிரத்துக்கும் மேல் செய்த இக்கருவியின் உட்பெட்டிகள் ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்தத்தக்கவை என்பதால், எழுபது ஆண்டுகள் கடந்தும் இரண்டு பழுதானவற்றிலிருந்து நல்லது ஒன்றை உருவாக்க முடிகிறது.

இத்தகைய வாங்கிகளோடு இணைக்கப்பட்ட டெலிபிரிண்டர்தான் கணினி முனையத்தின் மூதாதை. ஒவ்வொரு எழுத்தையும் ஐந்து மின்துடிப்புகளின் உண்டு அல்லது இல்லை என்ற வரிசையாக மாற்றி, வானொலி அலையின் அதிர்வெண்ணை இரண்டு நிலைகளுக்கிடையே தாவச் செய்து அனுப்பினால், மறுமுனையில் உள்ள இயந்திரம் அதைத் தாளில் அச்சடிக்கும். ஐந்து துடிப்புகளால் 32 குறிகளே அமையும் என்பதால், எழுத்துக்கும் எண்ணுக்கும் இடையே மாற ஒரு தனிக்குறி தேவைப்பட்டது. வானொலியில் அந்தக் குறி சிதைந்தால் தொடரும் சொற்கள் எண்களாக அச்சாகிவிடும். இந்தியாவில் தபால் தந்தித் துறைக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் இவ்வகை இயந்திரங்களை வழங்கிய ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் நிறுவனம் 1960இல் சென்னை கிண்டியில் தொடங்கப்பட்டது.

டெலிபிரிண்டர் ஒரு புதிய ஆபத்தையும் வெளிப்படுத்தியது. இரண்டாம் உலகப் போரின்போது பெல் ஆய்வுக்கூடத்தில் மறைகுறியாக்கும் இயந்திரமொன்று இயங்கியபோது, சற்றுத் தள்ளியிருந்த அலைகாட்டியில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கூர்முனை தோன்றுவதைப் பொறியாளர் ஒருவர் கவனித்தார். நம்ப மறுத்த படையினருக்கு, ஆய்வுக்கூடத்தார் நியூயார்க்கின் வேரிக் தெருவில் படையின் அலுவலகத்துக்கு எதிரே 80 அடி தொலைவில் அமர்ந்து, கசிந்த அலைகளை ஒரு மணி நேரம் பதிவுசெய்து, சில மணி நேரத்துக்குள் மறைசெய்தியின் முக்கால் பங்கை வெளிப்படையாக எழுதிக்காட்டினார்கள். எவ்வளவு வலிய மறைகுறியும், இயந்திரத்தின் உடலிலிருந்து கசியும் அலையால் வீணாகலாம் என்பது அன்று மெய்ப்பிக்கப்பட்டது. பிற்காலப் படைத்துறை முனையங்களின் திரைக்குமுன் நுண்ணிய உலோக வலையும், மூடியின் விளிம்பெங்கும் மின்கடத்தும் பட்டையும், மின்வடம் நுழையுமிடத்தில் வடிப்பான்களும் இருப்பதற்கு இதுவே காரணம். அவற்றின் எடையில் கணிசமான பங்கு இந்தக் காப்புக்கே செலவாயிற்று.

திரையுள்ள முனையம் படைக்குள் வந்தது பெரும் வான்காப்பு வலையமைப்பின் வழியாக. 1958 முதல் அமெரிக்காவில் இயங்கிய சேஜ் அமைப்பின் ஐ.பி.எம். கணினி ஒவ்வொன்றும் சுமார் 50,000 வால்வுகளும் 250 டன் எடையும் கொண்டது. அதன் திரைகளில் தெரியும் விமானப் புள்ளியை ஒளித்துப்பாக்கி ஒன்றால் சுட்டித் தேர்ந்தெடுத்தார்கள். அது கட்டடத்துக்குள் அமர்ந்திருந்த பெருங்கருவி. கூடாரத்துக்கும் கவச வண்டிக்கும் முனையத்தைக் கொண்டுசெல்ல வேண்டுமென்றால், அதிர்ச்சியில் உடையும் கண்ணாடிப் படக்குழாயை முதலில் விலக்க வேண்டும். 1964இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் பிட்சர், ஜீன் ஸ்லாட்டோ, ராபர்ட் வில்சன் ஆகியோர் கல்விக் கணினிக்காகக் கண்டுபிடித்த, ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் தட்டையான பிளாஸ்மா திரை இதற்கு உகந்ததாக அமைந்தது.

1982இல் வெளிவந்த கிரிட் காம்பஸ் என்ற மடிக்கணினியைப் படைக்கென்று யாரும் செய்யவில்லை. ஆயினும் பில் மோக்ரிட்ஜ் வடிவமைத்த அதன் மக்னீசியம் உடலும், மின்னொளிர் திரையும், அசையும் பாகமே இல்லாத காந்தக் குமிழி நினைவகமும் அதைப் படைகளுக்கும் விண்வெளி ஓடங்களுக்கும் இட்டுச்சென்றன. சுழலும் வட்டில் தரவை எழுதுவதற்கு மாறாக, காந்தப் படலமொன்றில் நுண்ணிய காந்தப் பகுதிகளைக் குமிழிகளாக நகர்த்திச் சேமிக்கும் இந்த நினைவகம் குலுக்கலுக்கு அஞ்சவில்லை. விலை 8,150 டாலர் என்பதால் சாதாரண அலுவலகங்கள் அதை நெருங்கவில்லை.

உறுதி என்பதற்கு அளவுகோலாக அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1962இல் வெளியிட்ட எம்.ஐ.எல்.-எஸ்.டி.டி.-810 என்ற தர ஆவணம் இன்றும் திருத்தப்பட்டு வழங்கிவருகிறது. வெப்பம், உப்புப்பனி, மணற்புயல், பூஞ்சை, அதிர்வு எனப் பல சோதனைகளை அது வகுக்கிறது. ஒரு பெட்டிக்கு ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு மூலைகள் என்பதால், ஒவ்வொன்றும் தரையில் மோதும்படி 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுவது அதில் ஒன்று. இன்று கைபேசி விளம்பரங்களில் இத்தரத்தின் பெயர் தாராளமாக அடிபடுகிறது. எந்தச் சோதனையைச் செய்வது என்பதை உற்பத்தியாளரே தேர்ந்துகொள்ளலாம், படைத்துறை எவருக்கும் சான்றிதழ் வழங்குவதில்லை என்பதை வாங்குபவர்கள் அறிந்திருப்பது நல்லது.

இவ்வளவு உறுதியாகச் செய்யப்பட்டவற்றில் எவை எஞ்சும் என்று பார்த்தால், விடை எதிர்பாராதது. வால்வு வானொலி வெளிப்படையான பொருள். அதன் சுற்றுப்படம் படைத்துறைக் கையேட்டில் முழுமையாக அச்சிடப்பட்டிருக்கும், ஒவ்வொரு உறுப்பையும் கண்ணால் கண்டு அளந்து மாற்றலாம், எண்பது ஆண்டுப் பழைய கருவியையும் பொறுமையுள்ள ஒருவர் உயிர்ப்பிக்கலாம். கணினி முனையத்தின் பாதியோ நிரல். அது சில நினைவகச் சில்லுகளில் மின்னூட்டமாக அடைபட்டிருக்கிறது. பல பத்தாண்டுகளில் அந்த மின்னூட்டம் கசிந்து தீர்ந்தால், மக்னீசியப் பெட்டியும் உலோக வலையும் கீறல்கூட இன்றி நிற்க, உள்ளே அறிவு அழிந்திருக்கும். படைத்துறை இரகசியம் கருதி நிரலும் கையேடும் பெரும்பாலும் அழிக்கப்படுவதால் மீட்கவும் வழியில்லை. பிந்தியது முந்தியதற்கு முன்பாகவே அழிந்துவிடும் நிலை இது. எனவே பாதுகாப்போர் முனையங்களுக்கே முதலிடம் தர வேண்டும். திரை ஒளிர்கிறதா என்று பார்ப்பதற்கு முன், சில்லுகளிலுள்ள தரவைப் படியெடுப்பதே முதல் வேலையாக இருக்க வேண்டும்.

இந்தியாவில் 1954இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் படைக்கான வானொலிக் கருவிகளை இங்கேயே செய்யத் தொடங்கியது. 1911இல் அமைந்த தகவல்தொடர்புப் படைப்பிரிவின் அருங்காட்சியகம் ஜபல்பூரில் உள்ளது. தனியார் இத்துறையில் இறங்கும்போது சட்டத்தை மனத்தில் கொள்ள வேண்டும். வீட்டு வானொலிப் பெட்டிக்கே தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் செலுத்திய காலம் மறைந்துவிட்டாலும், அலை அனுப்பும் கருவியை வைத்திருக்கவும் இயக்கவும் அரசின் உரிமம் தேவை. தேர்வெழுதி அமெச்சூர் வானொலி உரிமம் பெறுவதே நேரிய வழி.

பழைய பெட்டி ஒன்று கைக்கு வந்தால் அதை உடனே மின்சாரத்தில் செருகிப் பார்க்கும் ஆசையை அடக்க வேண்டும். கசியும் கண்டென்சர்கள் மற்ற உறுப்புகளைச் சுட்டெரிக்கும்; செலீனியம் மின்திருத்தி எரிந்தால் நச்சுப்புகை வரும்; போர்க்கால முகப்பு எண்களில் இருளில் ஒளிர்வதற்காகப் பூசிய ரேடியம் இன்றும் கதிர்வீச்சு உடையது, அதைச் சுரண்டக் கூடாது. கருவியோடு வந்த கையேடும், பழுது குறித்த துண்டுத்தாளும், உதிரிப் பெட்டியும் கருவியளவே மதிப்புள்ளவை. தகவல்தொடர்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் குடும்பங்களும், பழைய பட்டறைகளை ஒழிப்பவர்களும், இரகசியம் நீங்கிய இத்தகைய கையேடுகள் கிடைத்தால் காயலான் கடைக்கு எடைக்குப் போடாமல், ஓர் அருங்காட்சியகத்திடமோ பொறியியல் கல்லூரி நூலகத்திடமோ அமெச்சூர் வானொலிச் சங்கத்திடமோ ஒப்படைக்க வேண்டும்.